எஸ்தர் டீச்சருக்குத் தகுதி இல்லை

பள்ளிக்கூட கிளார்க் என்பவன் உத்தரவு போடுகிறவனும் இல்லை, உத்தரவில் அடிபடுகிறவனும் இல்லை. நடுவில் நின்று நோட்டீஸ் போர்டில் குண்டூசி குத்துகிறவன். புனே பக்கம் தேஹு ரோட்டில், அரசு உதவி பெறும் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் இருபத்தாறு வருஷமாகக் குத்திக்கொண்டிருக்கிறேன். ஆபீஸ் ஜன்னலுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்று வெந்து போனவர்கள் யாராக இருந்தாலும், கீழே உள்ளதை நான் விளக்கத் தேவையே இல்லை. உங்களுக்கே தெரியும்.

பஞ்சாங்கமும் சர்க்குலரும்

எங்கள் பள்ளியில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளின் அப்பாக்கள் பாதிப் பேர் ராணுவ டெப்போவில் வேலை பார்க்கிறவர்கள். ஏப்ரல் நடுவில் பரீட்சை முடியும், மறுநாளே ரயில் ஏறலாம் என்று ரெண்டு மாசம் முன்னாலேயே டிக்கெட் எடுத்துவிடுவார்கள். ஒரு வருஷம் அரசாங்கம், மாநிலம் முழுக்க ஒரே அட்டவணைதான் என்று சொல்லிப் பரீட்சையை ஏப்ரல் கடைசிக்குத் தள்ளிவிட்டது. சர்க்குலரை நான் ஒட்டி முடிப்பதற்குள் ஜன்னலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அம்மா வந்தார். தூத்துக்குடியில் தங்கை கல்யாணம். மகளுக்கு மட்டும் முன்னாலேயே பரீட்சை வைக்க முடியுமா என்று கேட்டார். சட்டத்தில் இடமில்லை, ஐந்தாம் வகுப்பில் இப்போது பெயிலும் உண்டு என்று சொன்னேன். கிளாஸ் டீச்சர் எஸ்தர் குறுக்கே வந்து, "நீங்க கல்யாணத்துக்குப் போங்கம்மா. ஜூன்ல மறுதேர்வு உண்டு, நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்னபடியே மே மாதம் முழுக்க அந்தப் பெண்ணைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கணக்குப் போட வைத்தார். அவளும் தேறினாள். அன்றைக்கு ஜன்னலை விட்டுப் போகும்போது அந்த அம்மா என்னிடம் சொன்னது இது: "தேதி வைக்கிறப்ப பஞ்சாங்கம் மட்டும் பாத்துட்டோம் சார். உங்க சர்க்குலரையும் பக்கத்துல வெச்சுப் பாத்திருக்கணும்."

லிஸ்ட்

அடுத்து வந்தது ஆசிரியர் தகுதித் தேர்வு. புதிதாகச் சேர்கிறவர்களுக்குத்தான் என்று நினைத்திருந்தோம். ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும் இரண்டு வருஷத்துக்குள் எழுதித் தேற வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கும் குறைவாக இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. யார் யார் எழுத வேண்டும் என்று சர்வீஸ் புத்தகங்களைப் பார்த்து லிஸ்ட் எடுக்கச் சொன்னார் ஹெட்மாஸ்டர்.

எஸ்தர் டீச்சருக்கு ஐந்து வருஷமும் சில மாதங்களும் பாக்கி இருந்தன. அவர் சேர்ந்த காலத்தில் இந்தத் தேர்வே கிடையாது. அன்றைக்குக் கேட்ட டிப்ளமாவை வைத்துக்கொண்டுதான் சேர்ந்தார். நான் டைப் அடித்த தாளில் 'தகுதி பெறாதவர்கள்' என்ற தலைப்புக்குக் கீழே அவர் பேர் மூன்றாவதாக இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, திரும்பவும் ஒருமுறை படித்தார். "அப்ப இருபத்தெட்டு வருஷமா நான் கிளாஸுக்குள்ள போனது எதுக்கு சங்கரன் சார், ஃபேன் போடவா?" என்றார்.

ஜூன் ஒன்று

இது என்னுடைய தப்பு. பெரிய எழுத்தில் எழுத வேண்டியது.

பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர்களைப் புரட்டினால் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்களாக இருப்பார்கள். ஜூனில் பள்ளி திறக்கும். வயது சரியாக வர வேண்டும். சேர்க்கிறவர் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். எஸ்தர் டீச்சரின் அப்பா பாளையங்கோட்டையிலிருந்து டெப்போ வேலைக்கு இங்கே வந்தபோது டீச்சருக்கு எட்டு வயது. ஹிந்தி தெரியாது, மராத்தி தெரியாது, ஒன்றாம் வகுப்பில்தான் சேர்ப்போம் என்றார்கள். எட்டு வயதுப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் எப்படி உட்காரும் என்று இரண்டு வருஷத்தைக் குறைத்து, ஜூன் ஒன்று என்று எழுதிவிட்டார்கள். வேலையில் சேர்ந்த நாலாவது வருஷம் டீச்சர் தன் ஞானஸ்நான சர்டிஃபிகேட்டை எடுத்துக்கொண்டு வந்து, பிறந்த தேதியைத் திருத்த முடியுமா என்று கேட்டார். ஐந்து வருஷத்துக்குள் கேட்டால் திருத்தலாம். நான் பெரிய புத்திசாலி மாதிரி, "விடுங்க டீச்சர், ரெண்டு வருஷம் கூட சர்வீஸ் கெடைக்குது, யாராவது வேண்டாம்பாங்களா?" என்று அனுப்பிவிட்டேன்.

அன்றைக்குத் திருத்தியிருந்தால் இன்றைக்கு அவர் விலக்கில் வந்திருப்பார். அதே சர்டிஃபிகேட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு மறுபடி கொண்டுவந்தார். கெடு முடிந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல், மேஜை டிராயரைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சொன்னதோ, "நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க சார். எனக்கும் அப்ப ஆசையா இருந்துச்சுல்ல, அதான் உங்க பேச்சைக் கேட்டேன்."

கேட்டில்

ஆறு மாதம் படித்தார். ஐ.டி.யில் இருக்கிற அவர் மகள் ஃபோனில் வீடியோ பாடங்களை ஏற்றிக் கொடுத்திருந்தாள். குழந்தை மனோதத்துவத்தில் நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், நாலுமே பாதி சரி என்று தோன்றுகிறதே என்று ஸ்டாஃப் ரூமில் புலம்புவார். வாய்விட்டுப் படிக்கவும் கூச்சம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது கதவைத் திறந்தால் புத்தகத்தைப் பையில் போட்டுவிடுவார்.

தேர்வு மையம் கடக்வாஸ்லா தாண்டி. ஊரின் மறுகோடி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தார். என் குற்ற உணர்ச்சிக்கு அதைத்தவிர வேறு பரிகாரம் தெரியவில்லை. கேட்டில் இருபத்தைந்து வயதுப் பையன்களும் பெண்களுமாக வரிசை. கையில் ஹால் டிக்கெட்டோடு நின்ற டீச்சரைப் பார்த்து வாட்ச்மேன், பெற்றோர்கள் நிற்கிற மரத்தடியைக் காட்டினார். அத்தை, பெற்றோரெல்லாம் அங்கே நில்லுங்கள் என்று மராத்தியில் மரியாதையாகத்தான் சொன்னார்: "காகு, பாலக் திகடே தாம்பா."

மூன்று மார்க்

மூன்று மார்க்கில் போயிற்று. இன்னொரு வாய்ப்பு இருந்தது; எழுதுகிறேன் என்றுதான் டீச்சரும் சொன்னார். ஆனால் செய்தி எப்படியோ பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போய்விட்டது. ஒரு நாள் காலையில் ஓர் அப்பா ஜன்னலுக்கு வந்து, மகளை வேறு செக்‌ஷனுக்கு மாற்ற விண்ணப்பம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தை எழுதாமல் விட்டிருந்தார். காரணம் எழுதாமல் வாங்க மாட்டேன் என்று நான் விதி பேசினேன். அந்த வாய் எனக்கு எதற்கு? எஸ்தர் டீச்சர் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை வைக்க என் பின்னால் வந்து நின்றதை நான் பார்க்கவில்லை. அந்த மனிதருக்கும் அவரைத் தெரிந்திருக்காது.

டீச்சர் ரிஜிஸ்டரை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் விருப்ப ஓய்வுக் கடிதத்தோடு வந்தார். மூன்று மாத நோட்டீஸ் காலத்தில் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் பாடத்தை நவம்பர் வரைக்கும் முன்கூட்டியே முடித்துவைத்தார். அவர் மனசை உடைத்தது தேர்வு இல்லை, அந்த அப்பா அன்றைக்கு ஜன்னலில் சொன்ன காரணம்தான்: "ஃபெயிலான டீச்சர்கிட்ட படிச்சு என் பொண்ணு எப்படி சார் பாஸாவா?"

மேற்பார்வை

அவர் இடத்துக்குத் தகுதி பெற்ற ஆள் இன்னும் வரவில்லை. அனுமதி வர வேண்டும், விளம்பரம் வர வேண்டும். மணிக்கணக்குச் சம்பளத்துக்காவது எஸ்தர் டீச்சரையே கூப்பிடலாமா என்று கேட்டுப் பார்த்தோம். அதற்கும் தேர்வு தேறியிருக்க வேண்டுமாம். கடைசியில் ஹெட்மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். பாடம் நடத்தத்தான் தகுதி வேண்டும், பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளத் தகுதி எதுவும் வேண்டியதில்லை. மூன்றாவது பீரியடுக்கு என்னை அனுப்பினார்.

முதல் வாரத்திலேயே ஒரு பெண் நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். எண்ணூற்று இருபத்து நாலை நாலால் வகுத்து இருபத்தாறு என்று போட்டிருந்தாள். தப்பு என்று தெரிகிறது, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை. வராந்தாவுக்குப் போய் டீச்சருக்கு ஃபோன் போட்டுக் கணக்கைச் சொன்னேன். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. "நடுவுல ரெண்டு இருக்குல்ல, அதை நாலு பேருக்குப் பங்கு வைக்க முடியாது. முடியலேன்னு ஒரு பூஜ்யம் போட்டுட்டுத்தான் அடுத்ததை இறக்கணும். அதை விட்டுட்டுப் போயிருப்பா. கிளாஸ்ல பாதிப் பேர் விடுவாங்க" என்றார். எனக்கே அப்போதுதான் புரிந்தது. பாதிப் பேர் என்றால் எல்லோருக்குமாகச் சொல்லிவிடலாமே என்று உள்ளே போய்ச் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, போர்டில் எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.  அவர் சொன்னார்: "வேண்டாம் சங்கரன் சார். அவ நோட்டுலயே காட்டிடுங்க. போர்டுல எழுதினா பாடம் நடத்தினதா ஆயிடும், அதுக்கு உங்களுக்குத் தகுதி இல்ல. எனக்கும் இல்ல."

நடத்தத் தெரிந்தவர் வீட்டில் இருக்க, ஒன்றும் தெரியாத நான் தினமும் நாற்பது நிமிஷம் அவருடைய நாற்காலியில் முழுக்க முழுக்கச் சட்டப்படி உட்கார்ந்திருக்கிறேன்.