அசனத்துக்கு விட்ட கிடா

தளவாய்புரத்தில் செல்லக்கனியிடம் கிடா வாங்க வருகிறவர்கள் ரொம்ப யோசிப்பதில்லை. முதுகில் கை வைத்தாலே கறி தட்டுப்படும். பகல் முழுக்க நைட்டி கம்பெனியில் மெஷின் மிதிப்பவள் அவள். ஆனாலும் தீனி விஷயத்தில் மகா கறார். காலையில் காய்ந்த கடலைக்கொடி, வெயில் ஏறியபின் அகத்தியும் வேம்பும், சாயங்காலம் ஒரே ஒரு கை மக்காச்சோளம். அந்த ஒரு கை இரண்டு கை ஆவதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

இந்த வருஷம் இருப்பதிலேயே நல்ல கிடாவை அசனத்துக்கு நேர்ந்துவிட்டிருந்தாள். வேதக்கோயில் சபையார் எல்லோரும் ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. நோய்ப்பட்டதை ஆண்டவருக்குக் கொடுக்க அவள் மனசு ஒப்பாது.

அசனத்துக்குச் சில நாள் முன்பு வேலை முடிந்து வந்தவள், கிடா இடப்பக்கம் உப்பிப்போய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். பக்கத்தில் அவள் புருஷன் ஞானராஜ், ராஜபாளையத்து மில்லில் ஓய்வு பெற்றவர், முழித்துக்கொண்டு நின்றார்.

சமைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துவைப்பது அந்த வீட்டு வழக்கம். அரிசியும் கோயிலுக்கு, கிடாவும் கோயிலுக்கு, அது இதைத் தின்றால் என்ன குற்றம் என்று மனுஷர் அந்த அரிசிப் பானையையே கிடா முன்னால் கவிழ்த்திருக்கிறார்.

"காணிக்கை அரிசிய ஆட்டு வயித்துல வச்சா கொண்டுபோக நெனச்சிய?" என்றாள். அதற்குமேல் சண்டை போட அவளுக்கு நேரமில்லை.

ஆப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து, புரையேறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். பின்னாலேயே நல்லெண்ணெய். அவர் கயிற்றைப் பிடித்து நடத்த, அவள் வயிற்றை அமுக்கிவிட்டுக்கொண்டே வந்தாள். செத்துப்போயிருமோ என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். என் கையில் வளர்ந்தது சாகாது என்று அவள் அடித்துச் சொன்னாள். உள்ளுக்குள் பயம்தான். இருட்டுவதற்குள் கிடா பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. கொஞ்சம் பொறுத்து அசை போட்டது. ஞானராஜ் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார்.

மறுநாளிலிருந்து வெறும் காய்ந்த கொடிதான். கண் தெளிந்து, புழுக்கை உருண்டு விழுந்த பிறகே அகத்தியைக் காட்டினாள். அசனத்தன்று கிடா திடமாக நடந்து போனது.

பந்தியில் ஞானராஜால் கறியைத் தொட முடியவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்லக்கனி தன் இலையைக் காலி செய்துவிட்டு, அவர் இலைத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டாள்.

"எப்படிட்டி ஒனக்கு இறங்குது?"

"பட்டினி போட்டா வளத்தேன்? நல்லா தின்னு வளந்தது. நாமளும் நல்லா திங்கணும்," என்று எலும்பை உறிஞ்சினாள்.