இரவல் கட்டில்

வீடு எரிந்ததில் தையல்காரிக்குச் சுவரும் கூரையும் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. கால் வெந்த கணவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். தோல் ஒட்டியிருந்தார்கள், தரையில் படுக்கக் கூடாது. கட்டில் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவோம், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை காப்பகம்தான் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள்.

கட்டில், அடுப்பு, பாத்திரத்துக்கு நலத்துறையில் மனு போட்டாள். ஆய்வாளர் பார்க்க வருகிறார் என்றதும் அண்ணிதான் பதறினாள். "வெறும் சுவத்தக் காட்டினா வர்ற மனுஷன் நம்மள என்ன நினைப்பான்?" காலையில் வண்டி வைத்து எல்லாவற்றையும் கொண்டுவந்து பரப்பினாள். சாயங்காலம் திருப்பி எடுத்துப் போனாள். 'அனைத்தும் உள்ளன' என்று எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

மேல்முறையீட்டுக்குக் கூப்பிட்டது வியாழக்கிழமை. சாட்சி சொல்ல அண்ணி வர மறுத்தாள். நாத்தனாருக்கு எல்லாம் வாங்கிக் கொடுத்ததாகத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அதிகாரி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அன்னைக்கு இருந்த கட்டில் எங்கம்மா போச்சு? வித்துட்டீங்களா?"

"இரவல்."

"யாருது?"

தையல்காரி முந்தானையை விரலில் சுற்றினாள். அண்ணன் வீட்டு வாசல் இன்றோடு அடைபடும். காப்பகத்துக்குப் போன யாரும் திரும்பி வந்து அவள் பார்த்ததில்லை.

"எங்க அண்ணியுது. ஆள் அனுப்பிப் பாருங்க."

அவளையும் ஏற்றிக்கொண்டு ஆய்வாளர் அண்ணி வீட்டுக்குப் போனார். கூடத்தில் அதே கட்டில் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். இது உங்களுடையதா என்று ஆய்வாளர் கேட்டார்.

அண்ணி தையல்காரியைப் பார்த்தாள்.

"எங்களுதுதான். நாந்தான் கொண்டுபோய்ப் போட்டேன்."

"அடுப்பு?"

"அதுவும்."

"பாத்திரமெல்லாம்?"

அண்ணி பக்கத்து வீட்டுக்காரியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"அது என்னுது சார்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "வீட்டுல விசேஷம்னு சொல்லி வாங்கிட்டுப் போனாங்க."

ஆய்வாளர் சிரிக்காமல் எழுதினார். அண்ணி கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அலுவலக வண்டியில் கட்டிலும் அடுப்பும் வந்தன. பாத்திரம் பிறகு வரும் என்றார்கள். தையல்காரி கட்டிலை அழுத்திப் பார்த்தாள். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். வழியில் அண்ணன் வீடு. ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவள் நிற்கவில்லை.