ஞாயிற்றுக்கிழமை தவிர

தையல்காரம்மா வாயைத் திறந்தால் மாதா கோயிலுக்கு மைக் தேவையில்லை. பாடகர் குழுவில் அவளுக்கு 'வெண்கலம்' என்றே பெயர். கணவனை இழந்து, தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு பிழைக்க வந்தவளுக்கு, மிஷின் போட இடம் பார்த்துக் கொடுத்ததும், காய்ச்சலில் கிடந்தபோது மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டதும் அந்தக் கோயிலின் பங்கு மக்கள்தான். அவர்களை விட்டால் தனக்கு நாதியில்லை என்று நம்பினாள். அந்த நம்பிக்கையே அவளைக் கோழையாக்கியது.

தங்கை, பஸ் பணிமனை மெக்கானிக் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவருக்குச் சாமி, பூசை எதிலும் பிடிப்பில்லை. குழுவில் கீபோர்டு வாசிக்கும் டீச்சர், "கோயில்ல கட்டிக்கலியாமே?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பங்கு தன்னையும் ஒதுக்கிவிடும் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு தங்கை கணவரோடு திருப்பலிப் பூசைக்கு வந்தாள். அக்காவுக்கு அன்று பாட்டு முறை இல்லை, பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் இடம் காலி. தங்கையைக் கண்டதும் கைப்பையை அங்கே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். காலடிச் சத்தம் அருகே வந்து நின்றது. பிறகு பின்னால் போனது.

அதன்பின் தங்கை கோயிலுக்கு வரவில்லை. வார நாட்களில் மட்டும் கடைக்கு வருவாள். பித்தான் தைத்துக் கொடுப்பாள், கதையடிப்பாள், அக்காவின் நரையைப் பிடுங்கி, "கிழவியாயிட்ட" என்று சிரிப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மூச்சு விட்டதில்லை. 'ஊர் வாய் அடங்கட்டும்' என்று அக்காவும் தள்ளிப்போட்டாள். அதிலேயே வருஷங்கள் ஓடிப்போயின.

ஒரு காலையில் தங்கை குளியலறையில் விழுந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பங்கே திரண்டு வந்தது. நாற்காலி போட்டார்கள், பெட்டியைத் தூக்கினார்கள். சமையலறையில் டம்ளர் கழுவிக்கொண்டே டீச்சர் சொன்னாள்:

"உனக்கும் அவளுக்கும் ஏதோ மனஸ்தாபம், நாம ஏன் மூக்க நுழைக்கணும்னு இருந்துட்டோம். நீயே கூட்டிட்டு வருவேன்னு பாத்தோம்."

"நீங்கதான அன்னிக்கு, கோயில்ல கட்டிக்கலியான்னு…"

"ஆமா. அவ கல்யாணத்துக்குன்னு பாட்டெல்லாம் எடுத்து வச்சிருந்தேன். பாட முடியாமப் போச்சேன்னு கேட்டேன்." டீச்சர் புரியாமல் பார்த்தாள். "ஏண்டி, நீ என்ன நினைச்ச?"

அடக்கப் பூசையில் வெண்கலத்துக்குக் குரல் எழும்பவில்லை.

சில வாரம் கழித்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் மெக்கானிக் வீட்டுக்குப் போனாள். அவர் போட்டுக் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு பை விஷயத்தைச் சொல்லி அழுதாள்.

"தெரியும்க்கா. நானும்தானே பக்கத்துல நின்னேன்."

"அவ என்ன சொன்னா தம்பி?"

"அக்கா கண்ண மூடி வேண்டிட்டிருந்தா, நம்மளக் கவனிக்கலன்னு சொன்னா. கடைசி வரைக்கும் அதேதான். நான் உங்கள ஒரு வார்த்த சொல்லிடக் கூடாது, சண்டைக்கு வந்துடுவா."

"என்ன மன்னிச்சிடுங்க."

"என்கிட்ட கேட்டு என்ன ஆகப் போகுது?" என்றார் அவர், கோபமில்லாமல்.

இப்போதும் பூசை முடிந்ததும் அவள் அங்கே போகிறாள். சில வாரம் வீடு பூட்டியிருக்கும். மற்ற வாரங்களில், "உள்ள வாங்க" என்பார். அவர் போட்டுத் தரும் டீயைக் குடித்துவிட்டு அவள் எழுந்து வந்துவிடுவாள்.