புரட்டாசியில் ஒரு வாளி லாலா

என் குரல் பெரியது. வேறு எந்தச் சொத்தையும் என் அப்பா எனக்கு விட்டுப் போகவில்லை. அவர் ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். பால்மரக் காட்டில் எங்கோ இருக்கும் ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்த்த குரல் அது. என் காலத்துக்குள் பால்மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. அந்தக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகிற லோரியைத்தான் இத்தனை வருடமாக ஓட்டுகிறேன். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகியதில் வீட்டுக்கு வந்தாலும் அதே சத்தம்தான். நான் உப்பு எங்கே என்று கேட்டால் பக்கத்து வீட்டில் தேடுவார்கள் என்று என் மனைவி சொல்வாள்.

சத்தத்தோடு கோபமும் உண்டு. கை நீட்டியதில்லை, அதைச் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் செருப்பு வழியில் கிடந்தால் கத்துவேன், டிவி சத்தமாக இருந்தால் அதைவிடச் சத்தமாகக் கத்துவேன். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று சொல்லி என்னை நானே மன்னித்துக்கொள்வேன். பெரியவர்கள் வேண்டுமானால் அந்தக் குணம் வெளியே வரும்வரை காத்திருப்பார்கள். சின்னப் பிள்ளைகள் எதற்குக் காத்திருக்க வேண்டும்?

இது நடந்து ஐந்தாறு வருடம் இருக்கும். அப்போது மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. கோலசிலாங்கூரில் இப்போதிருக்கும் இதே வீடுதான். ஒரு நாள் ஆலையில் ஏதோ பழுது என்று லோரிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாலை நாலு மணிக்கே வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே மகள் ஏதோ நடித்துக் காட்டுகிறாள், தம்பி விழுந்து விழுந்து சிரிக்கிறான், என் மனைவியும் சேர்ந்து சிரிக்கிறாள். எனக்கே சிரிப்பு வந்தது. இரும்புக் கதவைத் தள்ளினேன். அது கிறீச்சென்றதும் சிரிப்பு நின்றது. நான் உள்ளே போனபோது டிவி அணைந்திருந்தது. மகள் குனிந்து செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நான் கத்தவில்லை. கத்த என்ன இருக்கிறது? எல்லாம் ஒழுங்காக இருந்தது. வீட்டுக்கு வந்த அதிகாரியைப் போல நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். என் பிள்ளை என்னைப் பார்த்துப் பயப்படுகிறது, அந்தப் பயம் போக வேண்டும், இல்லாவிட்டால் நான் இந்த வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருகிற ஆள் மட்டும்தான் என்று அன்று தெரிந்தது. அடுத்த பள்ளி விடுமுறைக்கு முழுசாக லீவு கேட்டேன். லோரி முதலாளியான தவுக்கே என்னை ஏற இறங்கப் பார்த்து, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டார்.

மகன் ஒரே நாளில் மடங்கிவிட்டான். முதல் நாள் அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மலாவாத்தி குன்றில் குரங்குகளுக்குப் பயற்றங்காய் கொடுக்கப் போனேன். மறுநாளிலிருந்து என் வயிறு அவனுக்கு மெத்தை, என் முதுகு அவனுக்கு லோரி. மகள்தான் மசியவில்லை. அவள் முறைத்திருந்தாலாவது சமாதானம் செய்திருக்கலாம். அவள் மரியாதையாக இருந்தாள். காரில் செகிஞ்சானுக்குக் கூட்டிப் போனேன். கதிர் முற்றிய வயலோரம் காடியை நிறுத்தினேன். காற்று அப்படி அடிக்கிறது, தம்பி கைகளை விரித்துக்கொண்டு வரப்பில் ஓடுகிறான். இவள் காடிக்குள்ளேயே இருந்தாள்.

"அப்பா, எறங்கலாமா?"

"எறங்கும்மா."

"அப்பா, ஓடலாமா?"

"ஓடும்மா, இதுக்கெல்லாமா கேப்பாங்க?"

கொஞ்சம் சத்தம் ஏறிவிட்டது போல. அவள் காடியை விட்டு இறங்கி, நாலு அடி நடந்து, அங்கேயே நின்றுகொண்டாள். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். நன்றிப்பா என்றாள். நன்றியாம். பெற்ற மகள் வாயிலிருந்து அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது, ஐஸ்கிரீம்காரர் பார்க்கிறாரே என்று அடக்கிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது அங்கே என் லோரியைப் பழுது பார்க்கிற சீனர் பட்டறையில் நிறுத்தினேன். பேச்சுவாக்கில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்டேன். கடற்கரைக்குப் போய் லாலா தோண்டு என்றார். லாலா என்றால் சேற்று மணலில் புதைந்து கிடக்கிற சின்னச் சிப்பி. இஞ்சியும் மிளகாயும் போட்டுப் பிரட்டினால் ஓடு திறந்துகொள்ளும், ஒரு தட்டுச் சோறு தானாக இறங்கும். நிலா இல்லாத நாளில் போ, அன்றைக்குத்தான் நடுப்பகலில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கும் என்றும் சொன்னார். பின்சீட்டில் இருந்த மகள் முன்னால் எட்டி, "நம்மளே புடிச்சு நம்மளே சமைக்கலாமாப்பா?" என்று கேட்டாள். அந்த விடுமுறையில் அவள் என்னிடம் அனுமதியாகக் கேட்காமல் ஆசையாகக் கேட்ட முதல் கேள்வி அது. வானத்தையே வாளியில் அள்ளித் தருகிறேன் என்று சொல்லும் நிலையில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் மாட்டியிருக்கும் தமிழ் நாள்காட்டியைப் பார்த்தேன். அமாவாசைக்குக் கறுப்பு வட்டம் போட்டிருக்கும். அதைத்தான் என் கண் தேடியது. நாளை மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மேலே என்ன மாதம் என்று எழுதியிருந்தது, அந்தக் கட்டத்துக்குக் கீழே என்ன எழுதியிருந்தது என்றெல்லாம் நான் பார்க்கவே இல்லை. இது நமக்குள் ஒரு ரகசியம், அம்மாவை அசத்தப் போகிறோம், அவளிடம் மறுபடி குரங்கு பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிடலாம் என்று பிள்ளைகளிடம் பேசி முடித்தேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

நான் எவ்வளவு பெரிய புத்திசாலி என்பதற்கு இன்னும் இரண்டு சாட்சி உண்டு. நாலு நாளாக வீட்டில் சாம்பாரும் கீரையும்தான். மீன் வாங்க நேரமில்லை போல என்று நினைத்துக்கொண்டு, வெளியே போகும்போதெல்லாம் ரொட்டி சானாயும் கோழிக் குழம்பும் சாப்பிட்டேன். சனிக்கிழமை என் மனைவி, "நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கெல்லாம் வீட்ல இருங்க" என்றாள். சரி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. லோரி ஓட்டுகிறவனுக்கு முன்னால் இருக்கிற ரோடு மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெரம் பக்கத்துக் கடற்கரையில் நின்றோம். சீனர் சொன்னது உண்மைதான். கடலைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் சேறும் மணலும் பளபளக்கிறது, மலாய்க் குடும்பங்கள் சில வாளியோடு அங்கங்கே குந்தியிருக்கின்றன. எங்களிடம் மூன்று சோற்றுக் கரண்டி, சுவர் அடிக்கிற சாயம் இருந்த ஒரு பழைய வாளி. பாதி தூரம் போனதும் மகளின் கால் முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. இழுத்தாள், கால் வந்தது, புதுச் சிலிப்பர் வரவில்லை.

அவள் சிலிப்பரைத் தேடவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தாள்.

எதையாவது சொன்னால் அது சத்தமாகத்தான் வரும். அதனால் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன், வெளியே போட்டுப்போகிற நல்ல காற்சட்டையோடு. மகன் உடனே பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான். அவள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மா ஏசுவாங்கப்பா" என்றாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம். என் ஆயுசில் எதைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்று கேட்டால் அதைத்தான் கேட்பேன். மணலில் சின்ன ஓட்டை தெரிந்தால் அங்கே தோண்ட வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். ஒவ்வொரு சிப்பிக்கும் அப்பா, அப்பா என்று கூப்பிட்டாள். மகன் ஒன்று எடுத்தால் இரண்டைத் திருப்பி மண்ணில் புதைத்தான், விதை போடுகிறானாம். வெயில் முதுகைப் பொசுக்கியது. மூக்கு, காது, முடி எல்லாம் சேறு. வாளி நிறையக் கடல் தண்ணீரோடு லாலாவைத் தூக்கிக்கொண்டு கரையேறும்போது, அவளாகவே என் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டு வாசலிலேயே வடை வாசம். மகள் வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, "அம்மா, கண்ண மூடுங்க" என்று உள்ளே ஓடினாள். நான் பின்னால் போனேன்.

கூடத்தில் என் அப்பாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. முன்னால் தலைவாழை இலை. பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய், வடை, பாயசம். குத்துவிளக்கு எரிகிறது. தலை முழுகி முடியை நுனியில் முடிந்திருந்த என் மனைவி கற்பூரத் தட்டோடு நிற்கிறாள். அந்த இலைக்குப் பக்கத்தில் என் மகள் வாளியை வைத்தாள். லாலா ஒன்று தண்ணீரைப் பீய்ச்சியது, அது சரியாகப் பாயசத்துக்குப் பக்கத்தில் விழுந்தது.

"என்னாங்க இது? புரட்டாசி மாசம். மாளய அமாவாசை. மாமாவுக்குப் படையல் போடுற நாளு."

தீபாவளிக்கு முந்திய நாள் அப்பாவுக்குக் கோழியும் ஆடும் படைப்போம். புரட்டாசியில் எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட வராது. வருடா வருடம் நடப்பது. எனக்கு எப்படி மறந்தது? திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றேன். ஆனால் எனக்கு வெட்கம் வந்தால் அது வெட்கமாக வெளியே வராது.

"புரட்டாசின்னு நீ ஒரு வார்த்தை சொன்னியா? வாயில என்னா..."

முடிக்கவில்லை. மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டாள்.

"அம்மா சொன்னாங்கப்பா. என்கிட்ட சொல்லச் சொன்னாங்க. நான்தான் மறந்துட்டேன். லாலா நான்தான் கேட்டேன். என் தப்புப்பா."

அவளிடம் யாரும் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. அது எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். எட்டு வயதுப் பிள்ளை கொஞ்சமும் தடுமாறாமல் பொய் சொல்கிறது. எத்தனை தரம் இப்படி நின்றிருப்பாள்? உடைந்த தட்டு, தீர்ந்துபோன காஸ், தம்பி கிழித்த புத்தகம், எல்லாம் தான் செய்தது என்று இவள் சொல்லித்தானே நான் கேட்டிருக்கிறேன். காலையிலிருந்து சிரித்த முகத்தில் சேறு இன்னும் காயவில்லை.

நான் தரையில் உட்கார்ந்தேன். "இல்லம்மா. யாரும் என்கிட்ட சொல்ல வேண்டியதில்ல. இது எங்கப்பாவுக்கு நான் செய்ய வேண்டியது. மறந்தது நான். தப்பு என்னோடது." மனைவியைப் பார்த்து, "மன்னிச்சிரு" என்றேன். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அந்த வார்த்தையை என் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"உசுரோடதான இருக்கு" என்றாள், வாளியை எட்டிப் பார்த்து. "கொண்டுபோய் கடல்ல விட்டுட்டு, வந்து குளிச்சிட்டுக் கற்பூரம் காட்டுங்க. மாமா காத்திருப்பாரு. ஒங்கள வளத்தவருக்குப் பொறுமை இல்லாமலா இருக்கும்?"

மகன் வடையோடு வீட்டில் தங்கிவிட்டான். நானும் மகளும்தான் போனோம். நாங்கள் தோண்டிய இடமெல்லாம் தண்ணீருக்குள் போயிருந்தது. கரையோரம் கற்கள் அடுக்கியிருந்தார்கள். பசி வேறு. வாளியை அங்கேயே கவிழ்க்கப் போனேன்.

"அங்க கல்லுப்பா. அதுங்க மண்ணுலதான் இருக்கும்."

"தண்ணி வந்தா அதுவே போயிரும்மா."

"போகாது." அவள் குரல் மாறியது. "ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது. கலெண்டர்ல பெருசா எழுதியிருக்கு, இப்ப வரும்போது பாத்தேன், நீங்க அந்தக் கறுப்பு வட்டத்த மட்டும் பாத்தீங்க. அம்மா காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே சமைச்சாங்க. பேசுனா என்னா, எதுக்குக் கத்துறீங்க? லோரியிலயா இருக்கோம் நம்ம?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். தோட்டத்து மண்டோர் குரல். தூரத்தில் வலை உதறிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அவளுக்கே தான் பேசியது உறைத்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். என் முகத்தில் என்ன தேடினாளோ, அது இல்லை போலிருக்கிறது.

"இருக்கு" என்றாள்.

கற்களைத் தாண்டி, மணல் தட்டுப்படும் இடம்வரை இடுப்பளவுத் தண்ணீரில் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவள் ஒவ்வொரு லாலாவாகத் தண்ணீரில் விட்டாள். விடும்போதும் திட்டினாள், கரையேறும்போதும் திட்டினாள். போன வருடம் அவள் பிறந்தநாளுக்கு நான் தூங்கிவிட்டது, பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வராதது, தம்பியை மட்டும் தோளில் ஏற்றியது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். காடியில் ஏறியும் ஓயவில்லை. படத்தில் என் அப்பா படையலுக்குக் காத்திருக்கிறார், மனைவி பசியோடு இருக்கிறாள், வீடு பக்கம்தான். நான் காடியை மெதுவாக ஓட்டினேன்.