ஒரு மூச்சு இடைவெளி

பைலட் அண்ணன் மைக்கைக் கையில் எடுத்ததும் பேச மாட்டார். முதலில் காது கொடுப்பார். சேனலில் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பொத்தானை அழுத்துவார். காற்றாலை இறக்கை ஏற்றிய எங்கள் டிரெய்லர்களுக்கு முன்னால் ஜீப்பில் போய் வழி பார்ப்பது அவர் வேலை. ஜீப்புக்கும் மூன்று டிரெய்லர்களுக்கும் ஒரே சேனல். பக்கத்து வண்டிக்காரன் பொத்தானை அழுத்தியிருந்தால் தூரத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. ரேடியோ செட் வாங்கி மாட்டிய முதலாளி, அதில் எப்படிப் பேசுவது என்று யாருக்கும் சொல்லவில்லை. அண்ணன்தான் சொன்னார். "ஒருத்தன் பேசி முடிச்சா ஒரு மூச்சு சும்மா இருங்கப்பா. அவசரக்காரன் அந்தச் சந்துலதான் உள்ள வரணும்."

எனக்குப் பின்னால் வரும் இரண்டு டிரைவர்களுக்கும் இது கேலி. "ஊட்டுலயும் மூச்சு உட்டுத்தான் பேசுவீங்களாண்ணா?" என்று சேனலிலேயே கேட்பார்கள். "அவ எங்கடா எனக்குச் சந்து குடுக்கறா" என்பார்.

ராசிபுரம் தாண்டி ஒரு குறுகிய வளைவு. அண்ணன் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு "வா" என்றார். வண்டியை நகர்த்தினேன். எதிரே வந்த பஸ் ஒன்று அவர் காட்டிய சிவப்புக் கொடியை மதிக்காமல் நுழைந்துவிட்டது. "நில்லு, நில்லு" என்று மைக்கில் கத்தியிருக்கிறார். எனக்குக் கேட்டதோ நாமக்கல்லில் எந்தக் கடையில் முட்டை புரோட்டா நன்றாக இருக்கும் என்ற சண்டை. பின்னால் வந்தவர்கள் மாறி மாறி, இடைவெளியே விடாமல் பேசினார்கள். அண்ணன் மைக்கைப் போட்டுவிட்டு என் வண்டியை நோக்கி ஓடிவந்தார். பிரேக்கை மிதித்தேன். அத்தனை பாரம் உடனே நிற்காது. ஜல்லியில் சறுக்கி என் சக்கரத்தின் முன்னால் விழுந்தார். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

"ஜீப்ப உட்டு அவனை யாரு எறங்கச் சொன்னா?" என்றார் முதலாளி. நடந்ததைச் சொன்னேன். "நாங்க பேசவே இல்லீங்க" என்று அந்த இரண்டு பேரும் சாதித்தார்கள். இன்றும் ஓட்டுகிறார்கள், இன்றும் அப்படியே பேசுகிறார்கள். கால் போனவருக்குத்தான் வேலையும் போனது.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். "இப்பவாச்சும் மூச்சு உடறாங்களா?" என்றார்.

ஆறுதலுக்குப் பொய் சொல்ல எனக்கு வராது. "இல்லீங்கண்ணா."

"அப்ப செட்ட நம்பாத சாமி. வளைவு வந்தா வண்டிய நிறுத்திட்டு எறங்கிப் போயி உன் கண்ணால பாரு" என்றார்.

அப்படித்தான் செய்கிறேன். பின்னால் அந்த இரண்டு பேரும் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். லோடு தாமதமாகிறது, வேறு டிரைவர் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் முதலாளி. பார்க்கட்டும். அந்த ஆள் வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் இறங்குவேன்.