நீர்க்கடுப்பு

சூளையில் வேலை செய்கிறவனுக்கு நீர்க்கடுப்பு வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அதற்கு வைத்தியம் தயாராக இருக்கும். கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு, குடிக்க ஒரு சொம்பு மோர். எனக்கும் சுண்ணாம்பு தடவிவிட்டார்கள். நானும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் எனக்கு வந்தது சூட்டினால் அல்ல. நான் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டுமே. ஆண்கள் களிமண் குவியலுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்பார்கள். பெண்களுக்குத் தகரக் கதவு போட்ட கக்கூஸ் ஒன்று இருக்கிறது. நான் திருநம்பி. பெண் குழந்தை என்று சொல்லி வளர்த்தார்கள், நான் ஆண். புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறேன், ஒவ்வொரு தடவையும் சொந்தத்தில் யாருக்காவது கல்யாணம் செய்துவைத்து லீவு வாங்குகிறேன். மீசை வந்துவிட்டது, குரல் உடைந்துவிட்டது, இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சுவரோரம் நிற்கவும் முடியாது, தகரக் கதவைத் திறக்கவும் முடியாது. ஆபீஸ் பாத்ரூம் முதலாளிக்கும் சரக்கெடுக்க வருகிறவர்களுக்கும் மட்டும், எப்போதும் பூட்டு. காலையில் ரூமை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை நாக்கை நனைப்பதோடு சரி. சூளை வாயில் நின்றுகொண்டு அப்படி இருக்க ஒரு வீம்பு வேண்டும். அது என்னிடம் நிறையவே இருந்தது.

சுண்ணாம்பு காய்ந்து உதிர்ந்தது, காய்ச்சல் வந்தது. கொதிக்கிற சூளைக்கு முன்னால் நின்று குளிரில் நடுங்கினேன். கையிலிருந்த தட்டோடு பொம்மைகள் சரிந்தன. மேஸ்திரி திட்ட வந்தவர், என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

"ஏறுடா."

"நானே போயிக்கறண்ணே."

"ஆஸ்பத்திரிக்குத் தனியா போறதுக்கு நீ என்ன நாதியத்தவனா? ஏறு."

எங்கள் பக்கத்தில் நோயாளியைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். கூட வருகிறவர் வாசலோடு நிற்கவும் மாட்டார். டாக்டர் அறைக்குள் வருவார், நமக்குப் பதில் அவரே பேசுவார், எந்த இடத்தில் வலி என்று நம் உடம்பைத் தொட்டுக் காட்டுவார். பிரியம் என்றால் அப்படித்தான். மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அந்தப் பிரியத்தை நினைத்து பயந்தேன்.

டாக்டர் என் விலாவுக்குக் கீழே தட்டினார். கத்திவிட்டேன்.

"கிட்னி வரைக்கும் ஏறியிருக்கும் போல. ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

"ஸ்கேன் வேணாம் சார், மாத்திர மட்டும் குடுங்க" என்றேன்.

"அவன் கெடக்கறான் சார், எடுத்துருவோம்" என்றார் மேஸ்திரி.

ஸ்கேன் சென்டரில் சீட்டில் 'ஆண்' என்று போட்டார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கி வைக்கச் சொன்னார்கள். அடக்கி வைப்பதை எனக்கா சொல்லித் தர வேண்டும்? குடித்தேன். அடிவயிற்றில் நெருப்பு பிடித்தது. ஹாலில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் கவுண்டரில் போய் என்னத்தைச் சொல்வது? ஓடிவிடலாம் என்று வாசலைப் பார்த்தேன். அங்கே மேஸ்திரி காலை அகட்டி நின்று போனில் எனக்காக லீவு சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே ஒரு பச்சைத் திரை. இந்தப் பக்கம் கட்டிலில் நான், மெஷினோடு டாக்டரம்மா. அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் பெண்ணும் ஒரு நாற்காலியும். நாற்காலியில் மேஸ்திரி. அவர் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோதும் இங்கேதான் ஸ்கேன் பார்த்தார்களாம். வரும் வழியில் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஸ்கேன் அறையில் ரகசியம் கிடையாது. டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார், அந்தப் பெண் அடித்துக்கொண்டே போவாள்.

"லிவர் நார்மல். ஸ்பிளீன் நார்மல். ரைட் கிட்னி வீங்கியிருக்கு. லெஃப்ட் கிட்னி நார்மல்." கருவி தொப்புளைத் தாண்டிக் கீழே இறங்கியது. "பிளாடர் செவுரு தடிச்சிருக்கு."

அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"புராஸ்டேட் நார்மல்னு போட்டுரட்டுங்களா மேடம்?" என்றாள் அந்தப் பெண்.

டாக்டரம்மா மெஷினில் தெரிந்த படத்தைப் பார்த்தார். என் மீசையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். "யூட்டரஸ் தெரியுதே. வேற யாராச்சும் பொம்பளையோட சீட்டு மாறிடுச்சா?"

"மாறல மேடம். என்னோடதுதான்" என்றேன்.

டைப் சத்தம் நின்றது. நாற்காலி கிரீச்சிட்டது.

"இதெல்லாம் முன்னாடியே சொல்ல வேணாமா?" என்றார் டாக்டரம்மா, குரலைத் தாழ்த்தி. இப்போது தாழ்த்தி என்ன புண்ணியம்? எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "முக்கியமா நெறைய தண்ணி குடிக்கணும்" என்றார். மேஸ்திரி தலையாட்டினார். ரூமில் இறக்கிவிட்டு, "மாத்திரைய வேளாவேளைக்குப் போடு" என்றார். கடைசியில் ஒரு 'டா' வரும் என்று நின்றேன். வரவில்லை.

காய்ச்சலில் படுத்திருந்த நாளெல்லாம் யோசித்தேன். வேலைக்குத் திரும்பிய அன்று பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். ஒருவன் சிரித்தாலும் சாயங்கால பஸ்ஸில் ஏறிவிடுவது, அடுத்த ஊர், புதுப் பொய். யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி என் பக்கம் திரும்பவே இல்லை. எப்போதும் தோளில் கை போடுகிறவர், என்னைச் சுற்றிக்கொண்டு போனார். கேலிகூடப் பரவாயில்லை, இந்த விலகலைத் தாங்க முடியவில்லை.

டீ நேரத்தில் வந்து என் தட்டில் ஒரு சாவியை வைத்தார். "ஆபீஸ் பாத்ரூம். பூட்டிட்டு எங்கிட்ட குடுத்துரு." முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

"அவனுக்கு மட்டும் என்னண்ணே தனி சலுக?" என்று தட்டு அடுக்குகிறவன் கேட்டான். எல்லோரும் திரும்பினார்கள். என் கை சாவியின் மேல் அப்படியே நின்றது.

"அவனுக்குக் கிட்னில நோவு. ஒனக்கும் வேணும்னா சொல்லு, ஸ்கேன் எடுத்துட்டு வரலாம்" என்றார் மேஸ்திரி.

அப்போதும் எனக்கு நிம்மதி இல்லை. இரக்கப்பட்டுத் தந்த சாவியா, இனி என்னோடு பேச்சே வேண்டாம் என்று தந்ததா? பையை அவிழ்ப்பதா வேண்டாமா? தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சூளைக்கு அந்தப் பக்கமிருந்து, எல்லோர் காதிலும் விழும்படி, பழைய அதட்டல் வந்தது.

"டேய், தண்ணி குடிச்சியாடா?"

பாட்டிலைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குடித்தேன்.