நாலு கம்பிக்காரருக்கு விழுந்த தலையசைப்பு

ஸ்பீக்கர் பெட்டியின்மேல் வைத்த எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். டம்ளரைப் பிடித்தால் அந்த நடுக்கம் மணிக்கட்டு வழியாக ஏறி நெஞ்சுக்கூட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். பேஸ் கிட்டாரை நான் முதலில் அறிந்தது காதால் அல்ல, அந்த டம்ளரால்தான். அறிந்த நாள்முதலே எனக்கு அதைப் பிடிக்கவில்லை.

திருச்செங்கோட்டில் அப்பா ஒரு மெல்லிசைக் குழு நடத்திவந்தார். அவர் கீபோர்டு வாசிப்பார். பதினொரு வயதான நான் குழுவின் "குட்டிக் குயில்". ராசிபுரம், மோகனூர், குமாரபாளையம் என்று எந்த ஊர் விசேஷத்துக்குப் போனாலும், பட்டுப்பாவாடையோடு நான் மைக் முன்னால் வந்து நின்றாலே கைதட்டல் விழும். பாடி முடித்து இறங்கினால் பெண்கள் "என்ற சாமி" என்று கன்னத்தைக் கிள்ளிக் கொஞ்சுவார்கள். பேஸ் கிட்டார் வாசித்த குணா அண்ணன் மற்ற நாட்களில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறவர். மேடையில் டிரம்ஸுக்குப் பின்னால் தலையைக் குனிந்தபடி நிற்பார். ஊர்க்காரர்களுக்கு அவர் வெறும் "நாலு கம்பிக்காரர்". ஒரு பெரியவர் அப்பாவிடமே கேட்டுவிட்டார்: "ஏனுங்க, அந்த நாலு கம்பிக்காரன் சும்மாதான நிக்கறான்? அவனுக்கு எதுக்குங்க மேடையில எடம்?"

"கடக்கால் ஆரு கண்ணுக்குங்க தெரியுது? ஊடு நிக்கறது அதும்மேலதானுங்களே," என்றார் அப்பா.

அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் அப்பா நிமிர்ந்து, குணா அண்ணன் பக்கம் திரும்பி, ஒரே ஒரு தடவை தலையசைப்பார். ஊரே எனக்குக் கைதட்டும்போது அப்பாவின் அந்த ஒரு தலையசைப்பு அவருக்குப் போகும். என் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. எனக்கு வயிறு எரியும். கலைஞர்களை அறிமுகம் செய்வது என் வேலை என்பதால், எல்லார் பெயரையும் நீட்டி முழக்கிச் சொல்லிவிட்டு, அவர் பெயரை மட்டும் டிரம்ஸ்காரருக்கு விழுகிற கைதட்டலுக்குள் முழுங்கிவிடுவேன். அதற்கும் அவர் சிரித்துக்கொண்டே கும்பிடு போடுவார், அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

பரமத்தி வேலூரில் ஒரு காதுகுத்து விருந்து. வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் வீட்டு விசேஷம், மண்டபம் நிறைய ஜனம். என் பாட்டுக்கு முன்னால் மேடையின் பின்பக்கமாகப் போன நான், பெட்டியிலிருந்து குணா அண்ணனின் கிட்டார் ஒயரைப் பிடுங்கி, அவர் கைக்கு எட்டாதபடி பெட்டிக்கு அடியில் தள்ளிவிட்டேன். இனிமேல் பாட்டு முழுக்க என்னுடையது என்று நினைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.

பல்லவியை எப்படியோ ஓட்டிவிட்டேன். முதல் சரணத்தில் காலுக்குக் கீழே பலகை இல்லாததுபோல் இருந்தது. இரண்டாவது சரணத்தில் தாளம் தப்பியது. எடுக்க வேண்டிய இடம் தெரியாமல் திருதிருவென்று விழித்தேன். தாளம் போட்டுக்கொண்டிருந்த கால்கள் நின்றன. "பாப்பாவுக்குத் தொண்ட கட்டிருச்சாட்ட இருக்குது," என்று முன்வரிசையில் யாரோ சொன்னது மேடைவரை கேட்டது.

ஒயரைத் தேடிக்கொண்டிருந்த குணா அண்ணன் கிட்டாரை முதுகுக்குத் தள்ளிவிட்டு, எனக்குப் பக்கத்தில் சும்மா இருந்த மைக்குக்கு வந்து, வாயாலேயே "தும், துதும், தும்" என்று பேஸ் கிட்டாரை வாசிக்க ஆரம்பித்தார். மண்டபம் கொல்லென்று சிரித்தது, பிறகு கைதட்டித் தாளம் போட்டது. நான் அந்தத் "தும்"மைப் பிடித்துக்கொண்டே பாட்டின் கடைசிவரை வந்து சேர்ந்தேன். முடிந்ததும் விசில் பறந்தது. "இவரு பேரு என்னங்க, சொல்லுங்க!" என்று கூட்டம் கத்தியது. அறிமுகம் செய்கிற மைக் என் கையில்தான் இருந்தது. "குணசேகரன்," என்று சொல்லவேண்டியதாயிற்று.

"ஒயர ஆரு புடுங்கியுட்டது?" என்று அப்பா கீழே இறங்கியதும் கேட்டார்.

"என்ற காலு பட்டிருச்சுங்க மாஸ்டர்," என்றார் குணா அண்ணன், என்னைப் பார்க்காமலே.

அப்பா என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு அவர் பக்கம் திரும்பித் தலையசைத்தார். காப்பாற்றிவிட்டாரே என்ற நன்றியெல்லாம் எனக்கு அன்று வரவில்லை. அந்தத் தலையசைப்பும் போச்சே என்றுதான் அழுதேன்.

இப்போது அப்பா இல்லை, குழுவும் கலைந்து வருஷங்களாகிவிட்டன. ரிக் வண்டியோடு வடக்கே போன குணா அண்ணன் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. உலகத்தின் தலைசிறந்த பேஸ் கிட்டார் கலைஞர்கள் என்று அலைபேசியில் ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். ஒன்று விடாமல் படிக்கிறேன். எதிலும் அவர் பெயர் இல்லை. அந்தக் காலமாக இருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

போன மாதம் நாமக்கல்லில் ஒரு கல்யாணத்தில் என்னைப் பாடச் சொன்னார்கள். மேடையில் வாத்தியம் வாசிக்க ஒருவரும் இல்லை, ஒரு மடிக்கணினிதான். அதிலிருந்து வந்த பேஸ் கிட்டார் ஒரு பிசிறில்லாமல் ஒலித்தது; ஸ்பீக்கர்மேல் இருந்த என் டம்ளரில் தண்ணீரும் நடுங்கியது. பாட்டு முடிந்ததும் என்னை அறியாமல் பின்னால் திரும்பி, அந்தக் காலத்தில் டிரம்ஸுக்குப் பின்னால் குணா அண்ணன் நிற்கிற இடத்தைப் பார்த்து ஒரு தடவை தலையசைத்தேன்.

மடிக்கணினிக்காரர் நிமிர்ந்து, "அடுத்த பாட்டு போட்டறட்டுங்களாக்கா?" என்றார்.